ராஜினாமாக் கடிதத்தில் வராத காரணம்



சிலாபத்திலிருந்து விடியப்புறம் கொழும்புக்குப் போகிற ஒபிஸ் ட்ரெயினைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மாதம்பை, நாத்தாண்டியா, லுணுவில என்று நிற்கிற இடமெல்லாம் கூட்டம் ஏறும். நீர்கொழும்புக்கு வடக்கே பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போது பெட்டிக்குள்ளே பாருங்கள்: ஒரு கை மேலே கம்பியில், மறுகையில் போன். "சேர், ட்ரெயின் கிராஸிங்குக்கு நிக்குது..." நாலு பக்கமும் இதே பேச்சு. கந்தோர் வாசலில் விரல் வைக்கிற மெஷினுக்கு கிராஸிங் கதையெல்லாம் விளங்காது.

தூரத்தைக்கூட மனிதர் பழகிக்கொள்வார்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று தெரியாமல் நிற்பதுதான் ஆளைத் தின்கிறது. பிரிஸ்டல் நகரிலுள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தினசரிப் பயணம் 20 நிமிடம் கூடினால், வேலைத் திருப்தி குறைகிற அளவு சம்பளத்தில் 19 வீதத்தை வெட்டியதற்குச் சமமாம். சம்பளத்தை வெட்டினால் யாரும் சண்டைக்குப் போவார்கள். பயணம் நீண்டால் யாரிடம் போய்க் கேட்பது?

அரசாங்க உத்தியோகத்தர் பென்ஷனை நினைத்து வேலையை விடமாட்டார். இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். தனியார் கம்பனியில் இருப்பவர் பயணம் அலுத்து ஒருநாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிடுவார். "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்றுதான் அதில் இருக்கும். சம்பளம் போதவில்லையாக்கும் என்று முதலாளி நினைத்துக்கொள்வார்.

பயணம் வேலைக்குக் குறுக்கே நிற்பது நம் கரையோரத்துக்குப் பழைய கதை. 1978இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் வந்தபோது, தூரத்துக் கிராமங்களிலிருந்து போன பெண்பிள்ளைகள் போர்டிங் அறைகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். தினமும் வந்துபோக வழியில்லை. 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வேலையைக் கிராமத்துப் பக்கமே கொண்டுபோனது. இன்றும் பல ஆடைத் தொழிற்சாலைகள் சொந்தமாக பஸ் விட்டு, ஊர் ஊராக ஆட்களை ஏற்றுகின்றன. தர்மத்துக்கா விடுகிறார்கள்? கைத்திறன் படிந்த பிள்ளை விலகிப்போனால் புதிதாக ஒருத்தியைப் பழக்க எவ்வளவு செலவு என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

கொழும்புக் கந்தோர்களுக்குத்தான் அந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. 2013இல் திறந்த அதிவேகப் பாதையும் கட்டுநாயக்காவோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே புத்தளம் வீதி நெரிசல்தான்.  

2022 எரிபொருள் நெருக்கடியில் பெற்றோல் இல்லாமல் போனபோது, வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று அரசாங்கமே ஊழியர்களுக்குச் சொன்னது. பெற்றோல் வரிசைகள் கலைந்ததும் அந்த யோசனையையும் கலைத்துவிட்டோம். கிழமையில் ஐந்து நாளும் வேண்டாம், இரண்டு நாளாவது கேட்கலாம். அதுவும் முடியாதென்றால், ட்ரெயின் பிந்திய நாளில் அந்த அரை மணித்தியாலத்தைப் பின்னேரம் நின்று ஈடுகட்ட விடலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, மனேஜரின் ஒரு கையெழுத்துப் போதும்.