முதல் மாத்திரைக்கு முன்னால்

ஆரணி என்றதும் பட்டுச்சேலைதான் பலருக்கு நினைவு வரும். நான் சொல்வது பொன்னேரிப் பக்கம், ஆரணியாற்றங்கரையில் இருக்கிற ஆரணி. அங்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிய ஊர்களிலும், வீட்டில் பெரியவருக்குக் காய்ச்சல் என்றால், வேலை விட்டு வரும் பிள்ளை வழியில் மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கி வருவது வழக்கம். அதில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருந்து, பெரியவருடைய இதய வால்வும் பழுதாகியிருந்தால் அங்கேதான் சிக்கல். வால்வு என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் மெல்லிய இதழ். வயதாக ஆக அதில் சுண்ணாம்பு படியும். சிலருக்குச் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் தழும்பு இருக்கும். சொரசொரப்பான அந்த இடத்தில், ஈறிலிருந்தோ தோல் புண்ணிலிருந்தோ சிறுநீர்ப் பாதையிலிருந்தோ இரத்தத்தில் கலந்த கிருமி ஒட்டிக்கொண்டு வளரும். பழுதான வால்வுக்கு மாற்றாக வைக்கும் செயற்கை வால்வுகளில் ஒன்றான திருவனந்தபுரத்தின் சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அந்தக் காலத்தில் இளவயதில் வால்வு மாற்றிக்கொண்டவர்கள் இன்று முதுமையை எட்டுகிறார்கள். கிருமி ஒட்டும் ஆபத்து அவர்களுக்கு இன்னும் கூடுதல்.

வால்வில் கிருமி வளரும் இந்த நோய் முதியவரிடம் கொதிக்கும் காய்ச்சலாக வர வேண்டும் என்பதில்லை. பசியில்லை, எடை குறைகிறது, மாலையானால் உடம்பு லேசாகச் சுடுகிறது. வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம். இதைப் பிடித்துக் கொடுப்பது பிளட் கல்ச்சர். வெவ்வேறு இரத்தக் குழாய்களில் இரண்டு மூன்று முறை இரத்தம் எடுத்து, கிருமிக்குத் தீனி நிறைந்த சீசாக்களில் விட்டு, உடம்புச் சூட்டிலேயே வைப்பார்கள். உள்ளே வளரும் கிருமி வெளிவிடும் கரியமில வாயுவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்! ஆனால் இரண்டு நாள் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால், வால்வில் கிருமி பத்திரமாக உட்கார்ந்திருக்க, சீசாவில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். அப்புறம் நாலு முதல் ஆறு வாரம் ஊசியில் ஏற்ற வேண்டிய மருந்தை மருத்துவர் ஊகத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பரிசோதனை, பரிசோதனை என்று காத்திருந்தால் உயிர் போய்விடாதா என்று கேட்கலாம். முடிவுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. இரத்தம் எடுக்கச் சில நிமிடம்தான். நிலைமை மோசமென்றால் எடுத்த கையோடு மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுவார். ஈறிலிருந்து கிருமி வருமென்றால், பல் பிடுங்கும்போதெல்லாம் எல்லோரும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் இதைச் செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே இந்தத் தொற்று வந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. பல் தேய்க்கும்போதும் மெல்லும்போதும் தினமுமே கொஞ்சம் கிருமி இரத்தத்தில் கலக்கிறது; எப்போதோ விழுங்கும் மாத்திரையைவிட ஈறு சுத்தமே பெரிய காவல்.

நேரம் நெருங்கிவிட்டது, ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன். வால்வு மாற்றிய சீட்டைப் பீரோவில் பூட்டாமல் பெரியவர் சட்டைப்பையில் வையுங்கள். காய்ச்சல் விடாவிட்டால், பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை. சீட்டை முதலில் நீட்டுங்கள், காய்ச்சலைப் பிறகு சொல்லலாம்.