கதைநூலும் அறிவுநூலும் ஓரடுக்கில்

(கூடலூரில் நூலன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கதைநூல் படிப்பது வெறும் பொழுதுபோக்கு. அறிவுநூல் படிப்பதே படிப்பு என்று ஒருசாரார் கூறுவர். அறிவுநூல் யாருக்கு வேண்டும்? கதை இருந்தால் போதும். அதுதான் விலைபோகின்றது என்று நூல் விற்போர் கூறுவர். இவ்விரு கூற்றும் பிழை. இதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டுவதில்லை. கூடலூருக்கு மேலே நிற்கும் மலையே சான்று.

சிலப்பதிகாரம் கதை கூறும் நூல். இளங்கோவடிகள் காலத்தில் அதனைக் கேட்டவர் கதையாகவே கேட்டிருப்பர். மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரைவழியே மேற்கே நடந்தாள், நெடுவேள்குன்றம் ஏறினாள், வேங்கை மரநிழலில் நின்றாள், பதினான்கு நாள் கழித்து வானேறினாள். அச்செய்தி ஏட்டிலே கிடந்தது. 1892-ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதர் நூலை முழுமையாக அச்சேற்றினார். அச்சேறிய பின்னும் எழுபது ஆண்டுக்காலம் நாடு முழுதும் அதனைப் படித்தது, பாராட்டியது, மேடைதொறும் முழங்கியது. ஆயினும், 'அம் மலை எந்த மலை?' என்று காலால் நடந்து கண்டவர் எத்தனை பேர்?

தஞ்சைக் கரந்தையைச் சார்ந்த புலவர் சி. கோவிந்தராசனார் நடந்தார். பூம்புகாரில் தொடங்கி, நூல் கூறும் ஊரும் ஆறும் காடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மதுரை வந்து, வையைக் கரையைப் பற்றிக்கொண்டு இப் பள்ளத்தாக்கின் தலைப்புக்கு வந்து சேர்ந்தார். 1963-ஆம் ஆண்டில், கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவிக் கோட்டமே கண்ணகி கோட்டம் என்று நிறுவினார். மாற்றுக் கருத்துடையாரும் உளர், இருக்கட்டும். கருத்து வேறுபாடு கொள்வதற்குங்கூட ஒருவர் முதலில் நடந்து காட்ட வேண்டியிருந்தது. இன்று ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில், தேனி, இடுக்கி என்னும் இரு மாவட்ட ஆட்சியரின் ஏற்பாட்டில் மக்கள் அம் மலையேறுகின்றனர். ஒரு கதைநூலைக் கூர்ந்து படித்ததன் விளைவே வரலாற்றுத் துறைக்குரிய இவ் ஆராய்ச்சி. கதைக்கும் அறிவுக்கும் நடுவே எவரும் வேலி போட முடியாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

இனி, மலையிலிருந்து தண்ணீருக்கு வருவோம்.

பெரியாற்று அணைநீர் சுருங்கை வழியாக மலையைத் துளைத்துக்கொண்டு இப்பால் இறங்குகின்றது. (சுருங்கை என்னும் சொல்லை மதுரைக் கோட்டையின் கீழ்வழிக்கு இளங்கோவடிகளே ஆண்டுள்ளார், 'டனல்' என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.) இறங்கும் இடத்தை மக்கள் இன்றும் லோயர் கேம்ப் என்றே வழங்குகின்றனர். ஆங்கிலப் பொறியாளர் போய்விட்டனர். அவர்கள் இறங்கிய பாளையத்தின் பெயர் மட்டும் போகவில்லை. பெயரொன்று நின்றுபோனதைப் பொறுக்கலாம். ஆனால் அந்த அணையைப் பற்றிய எழுத்தெல்லாம் எம் மொழியில் நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1886-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே ஏற்பட்ட 999 ஆண்டுக் குத்தகைச் சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அணைவேலையின் வரலாற்றை, அவ்வேலையிற் பங்கேற்ற பொறியாளர் மெக்கன்சி 1899-இல் நூலாக எழுதினார், அதுவும் ஆங்கிலம். 2006-ஆம் ஆண்டிலும் 2014-ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் 142 அடி நீர்மட்டம் பற்றி வழங்கிய தீர்ப்புகளும் ஆங்கிலம். அந்த நீரைக் குடித்து, அந்த நீரில் நெல் விளைத்து, அந்த நீருக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய உழவன் கையில் தமிழில் என்ன இருந்தது? நெடுங்காலம் வாய்ச்செய்தி மட்டுமே இருந்தது.

வாய்ச்செய்திக்கு அழகு உண்டு. பென்னிகுயிக்கு தம் உடைமையை விற்று அணை கட்டினார் என்று இப் பள்ளத்தாக்கிற் கூறாத வீடு இல்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவரும் உண்டு. 2013-ஆம் ஆண்டில் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் எழுந்தது. அவர்தம் உழைப்பும் உறுதியும் எவராலும் மறுக்கப்படாதவை. ஆயினும், அணைக்குச் செலவிட்டது சென்னை அரசு என்பதே ஆவணங்களிற் காண்பது. உடைமை விற்ற செய்திக்கு எழுத்துச் சான்று யாது என்று வினவும் ஆராய்ச்சியாளர் இருக்கின்றனர். வினவுவதால் நன்றி குறைந்துவிடாது. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் சிக்கி அக் காட்டிலே மாண்ட தொழிலாளர் பலர். ஒருவரைப் பற்றிய கதை பெருகப் பெருக, அப் பலரும் மறக்கப்படுகின்றனர் என்பதே பெரிய குறை. அவர்களையும் கணக்கில் எடுப்பதுதான் அறிவுநூலின் வேலை.

அண்மை ஆண்டுகளில் அ. வெண்ணிலா 'நீரதிகாரம்' என்னும் பெரும்புதினத்தை எழுதி இவ் அணையின் கதையைத் தமிழிற் கொணர்ந்தார். கிழமையிதழில் தொடராக வந்து பல்லாயிரவர் படித்த நூல் அது. தலைப்பின் பின்பாதிச் சொல்லைப் பற்றிப் புலவர்கள் வழக்காடட்டும். முன்பாதியைப் பற்றி இவ்வூரில் வழக்கில்லை. இங்கே முறை தலைகீழானதைக் காண்க. கண்ணகி கோட்டத்தில் கதைநூல் முன்னே போயிற்று; ஆராய்ச்சி பின்னே வந்தது. பெரியாற்றில், ஆவணங்கள் நூறாண்டுக்கு மேலாக ஆங்கிலத்திற் கிடக்க, புதினம் வந்துதான் அவற்றைத் தமிழ் மக்களிடம் இழுத்து வந்தது. புதினத்தைப் படித்து முடித்த இளைஞன், 'இதில் நடந்தது எவ்வளவு? புனைந்தது எவ்வளவு?' என்று கேட்பான். கேட்டே தீரவேண்டும். அப்பொழுது அவன் கையில் கொடுக்க, குத்தகைச் சீட்டின் தமிழாக்கமும் தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கமும் அதே அடுக்கில் இருத்தல் வேண்டும்.

வையையின் கீழ்ப்போக்கில் நிகழ்ந்த இன்னொரு கதையும் உண்டு. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்ப்பரப்பில் ஊர்கள் மூழ்கின. அத் துயரத்தை வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக்கினார்; 2003-ஆம் ஆண்டில் அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிட்டியது. நூற்பெயரிலும் வடசொல், பரிசு தந்த கழகத்தின் பெயரிலும் தமிழ் இல்லை. ஆனால் நூலினுள்ளே புகுந்தால் வேறோர் உலகம். அங்கே பேசுவது இம் மண்ணின் உழவர் வாய். பாவாணர் தம் சொல்லாராய்ச்சிக்கு ஏட்டை மட்டும் நம்பவில்லை; உழவரும் தொழிலாளரும் வழங்கும் நாட்டுப்புறச் சொல்லே தமிழின் வேரைக் காட்டும் என்று வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். புதினம் படிப்பவர் கையில் ஒரு கரிக்கோலும் இருக்குமாயின், ஊர்ச்சொல் பலவற்றைப் பக்க ஓரத்திற் குறித்துக்கொள்ளலாம். முதியோர் மறைந்தால் அச் சொற்களும் மறையும்.

'நல்ல தமிழில் எழுதினால் நூல் விலைபோகாது' என்று நூல் விற்போர் கூறும் மற்றொன்றையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விலைபோன நூல்களின் பெயரை மட்டும் பாருங்கள். 'பொன்னியின் செல்வன்', 'அலை ஓசை', 'கடல் புறா', 'அகல் விளக்கு'. கல்கியும் சாண்டில்யனும் தம் நடையில் வடசொல்லை வேண்டிய அளவுக்கு மேலேயே கலந்தவர்கள். அவர்களுங்கூடத் தலைப்பென்று வந்தபோது தமிழின் வாயிலில்தான் வந்து நின்றனர். மு. வரதராசனார்க்கோ உள்ளும் தமிழே, புறமும் தமிழே. 'அகல் விளக்கு' 1961-இல் பரிசு பெற்றது. 'கரித்துண்டு', 'நெஞ்சில் ஒரு முள்' முதலியன கல்லூரி மாணவர் கையை விட்டு அகலாதிருந்தன. மணவீடுகளில் அவர் நூலைப் பரிசாகக் கொடுப்பது ஒரு காலத்து வழக்கமாகவே இருந்தது. அவர்தம் 'திருக்குறள் தெளிவுரை' நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புக் கண்டது. அதன் நடை, பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் எளிய நடை.

தமிழ்வாணனைப் புலவருலகம் மறந்துவிட்டது. துப்பறியும் கதை எழுதியவர் என்பதால் ஒரு முகச்சுளிப்பு. இராமநாதன் என்னும் பெயருடைய அவ் இளைஞர்க்குத் தமிழ்வாணன் என்று பெயரிட்டவர் திரு.வி.க. சங்கர்லால் கதையைச் சிறுவர் ஒளித்துவைத்துப் படித்தனர். அதே கையால் அவர் உடல்நலம் பற்றியும் தன்முன்னேற்றம் பற்றியும் எழுதிய சிறுநூல்களை அவர்தம் தந்தையர் படித்தனர். ஒரே வீட்டில் ஒரே ஆசிரியர்க்கு இருவகைப் படிப்பாளர்! ஆழம் போதாது என்பார்க்கு விடை: ஆழமான நீரில் இறங்குவதற்கு முன் கரையில் நின்று கால் நனைக்க ஒரு படித்துறை வேண்டும்.

ஆழத்திற்கும் பரப்பிற்கும் ஒருங்கே எடுத்துக்காட்டு வேண்டுமாயின், அவர் மறைமலையடிகள். அடிகளை வெறும் சொற்றூய்மைக் காவலராக மட்டும் கண்டு வணங்கிவிட்டுப் போவோர் அவர் எழுதிய நூற்பட்டியலை ஒருமுறை பார்த்தல் வேண்டும். 1911-இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்னும் புதினம். அது ரெயினால்ட்சு என்னும் ஆங்கிலக் கதையாசிரியரின் நூலைத் தழுவியது. ரெயினால்ட்சோ இலண்டன் தெருமக்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த கதைகளை எழுதியவர்! பின்னர்க் 'கோகிலாம்பாள் கடிதங்கள்'. இவற்றோடு, 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சி', 'பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்', 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை', 'தொலைவிலுணர்தல்'. காதற்கதை, இலக்கிய ஆராய்ச்சி, உணவு, உடல்நலம், உளவியல் அனைத்தும் ஒரு கையிலிருந்து வந்தன. உளவியல் பற்றிய அவர் முடிபுகளுள் சிலவற்றை இன்றைய அறிவியல் ஏற்காது. அதனால் அவர் நோக்கம் சிறுத்துவிடாது. தூய தமிழ் இலக்கியத்துக்கு மட்டுமே ஆகும், அடுக்களைக்கும் மருத்துவத்துக்கும் ஆகாது என்னும் பழியைத் துடைக்கவே அவர் அத்தனை துறையிலும் கால்வைத்தார். தமிழிற் கதை மட்டும் எழுதப்பட்டு, நீரும் நிலமும் நோயும் சட்டமும் ஆங்கிலத்தில் எழுதப்படுமாயின், தமிழ் தாலாட்டுக்குரிய மொழியாக மட்டும் எஞ்சிவிடும். அடிகள் அஞ்சியது அதுவே.

கூடலூருக்கு இப்பொழுது வருவோம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, வீட்டுவரியோடு நூலக வரியும் மக்களிடம் பெறப்படுகின்றது. இந்தியாவிலேயே அத்தகைய சட்டத்தை முதலிற் கண்ட மாநிலம் இது. ஆகவே நூலகத்தில் என்ன நூல் இருக்கவேண்டும் என்று கேட்பது இரவல் கேட்பதன்று. கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பது. ஏலத்தோட்டத்திற்கு நாள்தோறும் மலையேறும் பெண்ணுக்கு மருந்துதெளிப்பின் தீங்கைச் சொல்லும் தமிழ்நூல் வேண்டும். மக்கள் திராட்சை என்று வழங்கும் கொடிமுந்திரியைப் பயிரிடுவோனுக்கு அதன் நோயும் நீக்கமும் கூறும் நூல் வேண்டும். அவற்றின் அருகிலேயே சிலம்பும் 'நீரதிகாரமும்' 'அகல் விளக்கும்' ஒரு சங்கர்லால் கதையும் இருக்கவேண்டும். வரிசை கலைந்திருந்தாலும் குற்றமில்லை. மருந்துநூல் தேடி வந்தவள் சிலம்பை எடுத்துப் போகட்டும்.

பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்து மடலக் கலைக்களஞ்சியம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. கைப்பேசி இல்லாத வீடு இவ்வூரில் அரிது. நூலகத்தில் வேண்டும் நூல்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நூலகரிடம் கொடுக்கவும் இன்றே முடியும். தாளும் கோலும் வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன.