'சர்ஜ்' என்னும் சொல்

ஆங்கிலச் செய்தித்தாள்களைப் புரட்டினால் 'சர்ஜ்' என்ற சொல் அடிக்கடி கண்ணிற் படும். தங்கத்தின் விலையிலே சர்ஜ். மின்சாரத் தேவையிலே சர்ஜ். நோயாளர் தொகையிலே சர்ஜ். அகராதி 'திடீர் உயர்வு' என்று பொருள் கூறும். அதை மனப்பாடம் செய்துகொண்டு, உயர்வு வரும் இடமெல்லாம் இச்சொல்லைப் பெய்து எழுதுவோர் உளர். ஒரு சிற்றூரின் மக்கள்தொகை இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பெருகினால், அது சர்ஜ் ஆகாது.

ஏன் ஆகாது? சொல்லின் பிறப்பைப் பாருங்கள். இலத்தீனிலே 'சுர்கெரே' என்றொரு வினை உண்டு. எழுதல் என்பது அதன் பொருள். ஊற்றுக்கண்ணைக் குறிக்கும் 'சோர்ஸ்', கிளர்ச்சிக்காரனைக் குறிக்கும் 'இன்சர்ஜெண்ட்' ஆகியவையும் அந்த வேரில் கிளைத்தவையே. ஆங்கிலத்தில் 'சர்ஜ்' நெடுங்காலம் கடலலை எழும்பிப் புரள்வதையே குறித்தது. விலைக்கும் கணக்குக்கும் வந்தது பின்னரே. ஆகவே விரைவும் விசையும் அதன் உயிர். அலையைப் போல் பிறகு தணியவும் கூடும்.

தமிழில் இதற்கு ஒரே சொல் தேடுவது வீண் வேலை. நம் மொழியில் பாலும் பொங்கும், சினமும் பொங்கும், கடலும் பொங்கும். விலை பொங்காது, கிடுகிடுவென ஏறும். கூட்டமோ முண்டியடித்துப் பாயும்.

அரசியலாருக்கும் இச்சொல் பயன்பட்டதுண்டு. 2007 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ் ஈராக்குக்கு இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்தபோது, அதற்கு 'சர்ஜ்' என்ற பெயரே நிலைத்தது. எதிர்த்தவர்களோ வியட்நாம் போரை நினைவூட்டும் 'எஸ்கலேஷன்' என்ற சொல்லையே ஆண்டனர். தணியும் அலை ஒன்று, ஏறிக்கொண்டே போகும் படி மற்றொன்று!

உயிர்ப்பொருளான இடம் ஒன்று உண்டு: 'ஸ்டார்ம் சர்ஜ்'. புயற்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. ஆழமற்ற கரையில் அந்நீர் மலைபோல் குவிகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற ரயிலைப் பயணிகளோடு வாரிக்கொண்டது இதுவே.

2013 நவம்பர் 8ஆம் நாள் 'ஹையான்' புயல் பிலிப்பைன்ஸ் நாட்டைத் தாக்கிற்று. ஏழு மீட்டர் வரை 'ஸ்டார்ம் சர்ஜ்' எழக்கூடும் என்று வானிலைத் துறை முன்னரே எச்சரித்திருந்தது. ஆயினும் தக்லோபான் நகரத்தார் பலருக்கு அந்த ஆங்கிலத் தொடர் விளங்கவில்லை. காற்றுக்கு அஞ்சிக் கதவுகளை அடைத்துக்கொண்டு கடலோரத்திலேயே தங்கினர். 'சுனாமி போல் வரும்' என்றிருந்தால் ஓடிப்போயிருப்போம் என்று பிழைத்தவர்கள் பின்னர்க் கூறினர். அப்புயலில் மாண்டவர் ஆறாயிரத்துக்கு மேல். அந்நாட்டின் தகாலோகு மொழியில் 'தலூயோங்' என்ற பழஞ்சொல் இருக்கவே இருந்தது.

தமிழில் இதைப் 'புயல் அலை' என்று சிலர் பெயர்க்கின்றனர். எனக்கு அது போதவில்லை. அலை வரும், திரும்பும். இதுவோ கடல்மட்டமே உயர்ந்து நிலத்தின்மேல் ஏறி நிற்பது. கலைச்சொல் வேண்டுமாயின் 'கடற்பெருக்கு' எனலாம். கரையோரக் குடிசைக்கு அனுப்பும் அறிவிப்பிலோ, 'கடல் ஊருக்குள் ஏறி வரும், இத்தனை அடி நீர் நிற்கும், இன்ன மேட்டுக்குச் செல்லுங்கள்' என்றே எழுதுவேன்.