ஒரே பாறையில் இரு மொழிகள்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



குஜராத்தில் ஜுனாகத் நகரிலிருந்து கிர்நார் மலைக்குச் செல்லும் வழியில் ஒரு பெரும் பாறை உள்ளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் பதினான்கு கட்டளைகளை அதில் பொறிக்கச் செய்தான். அவற்றின் மொழி பிராகிருதம். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, கி.பி. 150ஐ ஒட்டி, அதே பாறையில் ருத்ரதாமன் என்னும் மன்னன் ஒரு நீண்ட சாசனத்தை வெட்டுவித்தான். அதன் மொழி சமஸ்கிருதம்.

வேத மொழி மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவே என்றென்றும் இந்நாட்டின் பொதுமொழியாக இருந்தது என்பாருக்கு இப்பாறை விடை கூறுகிறது. அசோகனின் கல்வெட்டுகளில் ஒன்றுகூடச் சமஸ்கிருதத்தில் இல்லை. மக்களிடம் பேச விரும்பிய அவன் பிராகிருதத்தையே கையாண்டான். காந்தஹாரில் கிரேக்கத்தையும் அராமிக்கையும் கையாண்டான்.

ருத்ரதாமனோ சகர் குலத்தவன். அவன் முன்னோர் வடமேற்கிற்கு அப்பாலிருந்து வந்தவர்கள். வெளியிலிருந்து வந்த அரசமரபு தன் ஆட்சிக்குத் தகுதி தேடியபோது சமஸ்கிருதத்தைப் பற்றிக்கொண்டது. புயல் மழையில் உடைந்த சுதர்சன ஏரியைச் சீரமைத்ததைச் சாசனம் விரித்துரைக்கிறது. வரியாலும் விஷ்டியாலும் மக்களை வருத்தாமல், தன் கருவூலத்திலிருந்தே செலவிட்டதாக மன்னன் பெருமை கொள்கிறான். விஷ்டி என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பு; தமிழ்க் கல்வெட்டுகள் வெட்டி எனக் கூறும் அதே கொடுமை. அதைச் செய்யாதது பெருமைக்குரியதென்றால், வழக்கம் எதுவாக இருந்திருக்கும் என்பதைத் தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களுக்காக அச்சாசனம் எழுதப்படவில்லை.

மதங்களின் வரலாறும் இதையொட்டியதே. தம் உபதேசங்களைச் சந்தஸ் மொழியில் அமைக்க அனுமதி கேட்ட இரு பிக்குகளைப் புத்தர் மறுத்துவிட்டார் என்று விநய பிடகம் கூறுகிறது. அவ்விருவரும் பிராமணக் குலத்தில் பிறந்தவர்கள். எனினும் பிற்காலப் பௌத்த அறிஞர்களும் சமண அறிஞர்களும் சமஸ்கிருதத்திற்கே வந்து சேர்ந்தனர். வாதம் நடந்த மன்றத்தின் மொழி அதுவாகிவிட்டது. சாதிப் பெருமையை மூடத்தனத்தின் அடையாளங்களில் ஒன்றாக எண்ணிய தர்மகீர்த்தியும் அம்மொழியில்தான் எழுதினார். இந்தியாவில் மறைந்துபோயிருந்த அவருடைய பிரமாணவார்த்திகத்தின் மூலத்தைத் திபெத்திலிருந்து மீட்டவர், கம்யூனிஸ்ட் இயக்கத்தில் பணியாற்றிய ராகுல சாங்கிருத்தியாயன். ஆகவே இம்மொழியை ஒரு மதத்தின் தனிச்சொத்தாகக் காட்டுவோரிடம் அதை ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது நம் வேலையன்று.

இன்றைய மொழிகளுக்கு வருவோம். கையைக் குறிக்கும் ‘ஹஸ்த’ என்ற சொல் பிராகிருதத்தில் ‘ஹத்த’ ஆகி, இந்தியில் ‘ஹாத்’ ஆயிற்று. மக்கள் வாயில் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து பிறந்த சொல் இது. இது ஒரு வகைச் செல்வாக்கு. அலுவலகங்களில் நடப்பது வேறு வகை. கையெழுத்துக்கு வடநாட்டு மக்களிடம் ‘தஸ்த்கத்’ என்ற பாரசீகச் சொல் வழங்கியது. அரசுப் படிவமோ ‘ஹஸ்தாக்ஷர்’ என்கிறது. வேடிக்கை என்னவெனில், பாரசீக ‘தஸ்த்’தும் சமஸ்கிருத ‘ஹஸ்த’வும் ஒரே மூலத்தின் இரு கிளைகள்! ‘ஹிந்தி’ என்ற பெயரே பாரசீகம் தந்ததுதான். ஒரே இலக்கணம் கொண்ட இந்தியும் உருதும் இவ்வாறுதான் இரு மதங்களின் மொழிகளாகப் பிரித்து நிறுத்தப்பட்டன. இந்தி தன் சொற்களை முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்து பெற வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 351ஆவது பிரிவும் கூறுகிறது.

இதன் சுமை யார்மீது விழுகிறது? டெல்லிக்கும் மும்பைக்கும் வேலை தேடி வரும் பீகார்த் தொழிலாளி வீட்டில் பேசுவது போஜ்புரி. நலவாரியப் படிவத்தின் இந்தி அவருக்கும் அந்நிய மொழியே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் 24,821 பேர். அம்மொழி எட்டாவது அட்டவணையில் உள்ளது. போஜ்புரியைக் கூறியோர் 5 கோடிக்கும் மேல். அது அட்டவணையில் இல்லை, இந்தியின் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.