கடிதம் படிக்கும் குரல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசவேண்டிய இம்மேடையில், ரயில்வே அலுவலகத்தில் பேரேடும் கோப்புமாகக் காலங்கழிக்கும் எங்களைச் செயலாளர் ஏற்றிவிட்டார். பத்தாம் வகுப்புக்கு மேல் நாங்கள் படித்ததில்லை. இலக்கியம் பேசும் துணிவும் எங்களுக்கில்லை. எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை உங்கள் முன் வைக்கிறோம். பார்வை இழந்த ஒருவர் தமக்கு வரும் மின்னஞ்சலைத் தாமே படிப்பதற்குக் கணிப்பொறியின் குரலை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதே பொருள். இக்குடியிருப்பில் முதியோர் பலர் இருக்கின்றனர். நாமும் ஒரு நாள் முதியோராகப் போகிறவர்களே. ஆதலின் இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று.

எங்கள் தந்தையாரை உங்களிற் பலர் அறிவீர்கள். தென்னாட்டில் சிறு நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து 2006-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர். தாயார் மறைந்தபின் எங்களோடு இங்கே வந்து தங்கினார். வந்த சில ஆண்டுகளில் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் அவருடைய பார்வையைக் கவர்ந்துகொண்டது. வலியின்றி, ஓசையின்றி வந்து பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய் அது. போன பார்வையை மீட்க வழியில்லை. எஞ்சியதைக் காப்பதற்கே மருந்து உண்டு. நாற்பது வயதைக் கடந்தோர் ஒரு முறையேனும் கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுதல் நலம் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவைக்கிறோம்.

தந்தையாருக்கு மின்னஞ்சல் நாள்தோறும் வரும். ஓய்வூதியக் கடிதங்கள், பழைய தோழர்களின் கடிதங்கள், ஊரிலிருக்கும் சிற்றப்பாவின் வாராந்தரக் கடிதம் ஆகியவற்றை அலுவலகத்திலிருந்து திரும்பியதும் நாங்கள் படித்துக் காட்டுவோம். அதை ஒரு தொண்டாகவே கருதியிருந்தோம். ஒரு நாள் சிற்றப்பா தமக்கு அறுவைச் சிகிச்சை நிச்சயமாகியிருப்பதாகவும், அதற்குமுன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச விரும்புவதாகவும் எழுதியிருந்தார். தந்தையாருக்கு அப்போது இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அவ்விரண்டு வரிகளையும் விழுங்கிவிட்டு மற்றதைப் படித்தோம். ஒரு மாதம் கழித்து வேறொருவர் வாயிலாகச் செய்தி அவருக்கு எட்டியது. சிற்றப்பா பிழைத்துக்கொண்டார், அது இறைவன் செயல்.

தந்தையார் எங்கள்மேற் சினம் கொள்ளவில்லை. "கடிதம் எனக்கு எழுதியது. எந்த வரி எனக்கு வேண்டும், எந்த வரி வேண்டாம் என்பதை நீ எப்படியப்பா முடிவு செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. மறுவாரமே கணிப்பொறியில் திரைபடிப்பானை அமைத்தோம்.

திரைபடிப்பான் என்பது திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருள். சுட்டெலி வேண்டுவதில்லை; விசைகளே போதும். ஒரு விசையை அழுத்தினால் அடுத்த கடிதத்தை யார் எழுதியது, தலைப்பு என்ன என்று சொல்லும். இன்னொன்றை அழுத்தினால் கடிதம் முழுவதையும் படிக்கும். நாங்கள் அமைத்தது என்.வி.டி.ஏ. என்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ஆம் ஆண்டு அதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் தே என்பவர் உடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். தம்மைப் போன்றோர் பெரும்பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாது என்பதை உணர்ந்து, அதை இலவசமாகவே உலகிற்கு அளித்தனர்.

இனிக் குரலுக்கு வருவோம். திரைபடிப்பான் ஒன்றே, அதற்குள் பொருத்தும் குரல்களோ பல. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து ஒவ்வொரு குரலாகக் கேட்டோம். வானொலி அறிவிப்பாளர் போன்று குழைந்து பேசிய ஒரு பெண் குரல் எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "மனிதர் பேசுவது போலவே இருக்கிறதே!" என்று வியந்தோம். தந்தையாரும், "நன்றாயிருக்கிறது" என்றார். நான்காம் நாள் கணிப்பொறியின்மேல் துணி மூடிக் கிடந்தது.

காரணம் கேட்டபோது அவர் மூன்று குறைகளைச் சொன்னார். விசையை அழுத்தியதும் அக்குரல் பேசுவதில்லை. மூச்சு வாங்குவது போல் சற்றே தாமதிக்கிறது. நாற்பது கடிதங்களின் தலைப்பைத் தேடும்போது நாற்பது முறை காத்திருக்க வேண்டியுள்ளது. இரண்டாவது, வேகத்தைக் கூட்டினால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூன்றாவதைச் சற்றுத் தயங்கியே சொன்னார்: "கல்யாணச் செய்தியையும் கருமாதிச் செய்தியையும் அது ஒரே குழைவோடு படிக்கிறது. நடுவில் வேறோர் ஆள் உட்கார்ந்து படித்துக்காட்டுவது போலிருக்கிறது. அந்த ஆள் வேண்டாமென்றுதானே இதை வைத்துக்கொண்டோம்?"

அன்று முதல் தேர்வை அவரிடமே விட்டுவிட்டோம். அவர் தேர்ந்தது, நாங்கள் கேட்டதும் முகஞ்சுளித்த ஒரு குரலை! அது இ-ஸ்பீக் என்னும் மென்பொருளின் குரல். என்.வி.டி.ஏ.யுடன் சேர்ந்தே வருவது. ஜொனாதன் டடிங்டன் என்பவர் 1995-ஆம் ஆண்டளவில் ஏகார்ன் கணிப்பொறிக்கு எழுதிய நிரலே அதன் மூலம். தகரத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கும்.

இவ்வேறுபாடு எதனால் என்று விசாரித்து அறிந்தோம். செயற்கைக் குரல்களில் பெரும்பாலும் இரு வகை உண்டு. ஒரு வகை, மனிதர் ஒருவரைப் பல மணி நேரம் படிக்கச் செய்து பதிவு செய்த ஒலியை அடிப்படையாகக் கொண்டது. இயல்பாக ஒலிக்கும், ஆனால் அளவிற் பெரிது, கணக்கீடும் மிகுதி. மற்றொரு வகை, வாயும் தொண்டையும் ஒலியை எழுப்பும் முறையைக் கணக்கிட்டு அந்த அதிர்வுகளைத் தானே உண்டாக்குவது. இனிமை குறைவு, ஆனால் மிகச் சிறியது, அழுத்தியவுடன் பேசும், விரைவைக் கூட்டினாலும் ஒலிகள் தெளிவாக நிற்கும். பழகியவர்கள் சாதாரணப் பேச்சைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரைவிற் கேட்பதுண்டு.

தந்தையாருக்கு இவ்விளக்கம் தேவைப்படவில்லை. "ஸ்டேஷனில் தந்திக் கருவி கட்-கட என்று அடிக்கும். அது என்ன சங்கீதமா? செய்தி வந்து சேரும், காது பழகினால் ஒலி மறந்துபோகும், செய்தி மட்டும் நிற்கும்" என்றார். பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டில் நின்றுபோயிற்று. அந்தக் காதின் பழக்கம் இன்று எங்கள் வீட்டில் வேறு வேலைக்கு வந்து வாய்த்திருக்கிறது.

அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985-ஆம் ஆண்டு தொண்டையிற் செய்த அறுவையால் பேச்சிழந்த அவருக்குக் கருவியே குரலாயிற்று. டென்னிஸ் கிளாட் என்ற அமெரிக்க அறிஞர் தம் குரலையே மாதிரியாகக் கொண்டு வடித்த குரல் அது. பின்னாளில் இயல்பான குரல்கள் எத்தனையோ வந்தும், 2018-இல் மறையும்வரை ஹாக்கிங் அதையே வைத்துக்கொண்டார். குரலின் அழகைத் தீர்மானிக்கவேண்டியவர் அதைக்கொண்டு வாழ்கிறவரே.

தமிழுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. கல், சங்கு, அகம் என்ற மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இதை விதியால் அமைத்துவிடலாம். ஆனால் காந்தி, கோபால் என்னும் பெயர்களை, விதியை மட்டும் நம்பும் குரல் வல்லொலியாகவே படிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணனும் தத்தம் குழுவினரோடு தமிழ்க் குரலுக்காக நெடுங்காலம் உழைத்தவர்கள். விண்டோஸிலும் 'வள்ளுவர்' என்று பெயரிட்ட ஆண் குரலொன்று தமிழுக்குக் கிடைக்கிறது. இதற்கிடையில் வடநாட்டில் வாழும் நமக்கு வரும் ஒரே கடிதத்தில் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றும் கலந்திருக்கின்றன. சில ஆங்கிலக் குரல்கள் தமிழெழுத்தைக் கண்டால் வாய்மூடிக் கடந்துவிடும். இரண்டு வரி விழுங்கப்பட்டது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் செய்த அதே குற்றம்!

எனவே குரல் தேர்வோருக்கு நாங்கள் கண்ட வழிகளைச் சொல்கிறோம். முதலாவது, கேட்கப்போகிறவரே தேர்ந்துகொள்ளட்டும். இரண்டாவது, மாதிரி வாக்கியத்தைக் கேட்டு முடிவு செய்யாமல், கடிதப் பட்டியல் ஒன்று, நெடிய கடிதம் ஒன்று, எண்கள் நிறைந்த அலுவலகக் கடிதம் ஒன்று ஆகியவற்றை ஒரு வாரமேனும் படிக்கச் செய்ய வேண்டும். மூன்றாவது, வாலி, வாளி, வாழி என்று எழுதிக்கொடுத்து வேறுபாடு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்காவது, வங்கிக் கணக்கெண்ணைக் கோடி, இலட்சம் என்று படித்தால் பயனில்லை. அம்புக்குறி விசையால் ஓர் இலக்கமாக நகர்ந்து கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐந்தாவது, ஒரே குரலோடு நின்றுவிட வேண்டியதில்லை. தொடர்ந்து படிக்கும்போது மட்டும் வேறு குரல் பேசுமாறு என்.வி.டி.ஏ.யில் அமைக்கலாம். தந்தையாருக்கு இப்போது பட்டியலைத் தகரக் குரல் விரைந்து சொல்கிறது. நீண்ட கடிதங்களை வள்ளுவர் நிதானமாகப் படிக்கிறார்.

கடிதம் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் மகள் விடுதியிலிருந்து தாத்தாவுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள். அதை ஆங்கிலக் குரல் படித்த அழகைக் கேட்டுத் தந்தையார், "குழந்தை எந்த நாட்டு மொழி கற்கிறாள்?" என்று கேட்டார்! செய்தி கேட்டு மகள் சிரித்தாள். பிறகு தமிழ் எழுத்திலேயே எழுதத் தொடங்கினாள். கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் இன்று யூனிகோடு முறையில் தமிழெழுத்து எளிதாக அமைகிறது. பழைய தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததைக் குரல் உளறலாகவே படிக்கும். அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பினால், மணமக்கள் பெயரைச் சொல்லக் குரலுக்கு வழியில்லாது போகலாம். கீழே நான்கு வரி எழுத்தாகவும் சேர்த்துவிடுங்கள். நம் சங்கமும் தன் அழைப்புகளை இனி அவ்வாறே அனுப்ப வேண்டுமென்று செயலாளரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற வாரம் சிற்றப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. தந்தையார் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார். நடுவில் நிறுத்தி, ஓரிடத்தை மீண்டும் கேட்டார். பிறகு நெடுநேரம் தட்டச்சு செய்து பதில் அனுப்பினார். அக்கடிதத்தில் என்ன இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவுமில்லை.