ஆவணங் காத்த மண்



மெக்சிக்கோ நாட்டின் தலைநகர்க்குத் தெற்கே மலைகள் அணைந்த சிறு மாநிலம் ஒன்று உண்டு. மோரெலோசு என்பது அதன் பெயர். இசுப்பானிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு 1815-இல் சுட்டுக் கொல்லப்பட்ட விடுதலை மறவரின் பெயரையே, 1869-இல் அம்மாநிலம் அமைந்தபோது அதற்கு இட்டனர். 1910-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நீண்ட உள்நாட்டுப் போரில் மிகக் கொடிதாக எரிந்த மாநிலங்களுள் அது ஒன்று. எனினும், அதனை வெறும் போர்க்கதையாகக் கொள்வது பிழை. அஃது ஓர் ஊர் தன் ஆவணத்தைக் காத்த கதை.

மோரெலோசின் செல்வம் கரும்பு. தியாசு என்பார் முப்பது ஆண்டுகட்கு மேலாக நாட்டை அடக்கியாண்ட காலத்தில் இருப்புப்பாதை வந்தது. பெரிய ஆலைப்பொறிகள் வந்தன. கரும்புக்கு மேலும் மேலும் நிலமும் நீரும் வேண்டப்பட்டன. பெரும்பண்ணைகள் ஊர்ப் பொதுநிலத்தை ஒவ்வொன்றாக விழுங்கின. உழவர் முறையிட்டனர். முறைமன்றங்களோ பண்ணையார் பக்கமே சாய்ந்தன.

அனெனெகுயில்கோ என்பது அங்குள்ள ஒரு சிற்றூர். 1909-இல் அவ்வூர் முதியோர் கூடித் தம் பொறுப்பை முப்பது அகவை நிரம்பிய எமிலியானோ சபாட்டாவிடம் ஒப்படைத்தனர். ஊர்நிலத்தின் பழைய ஆவணங்களையும் அவர் கையில் தந்தனர். அவற்றுட் சில முன்னோர் மொழியாகிய நாவாத்து மொழியில் இருந்தன. படித்துப் பொருள் சொல்ல அவ்வூரில் ஆளில்லை! அயலூர்க்கு எடுத்துச்சென்று, அம்மொழி அறிந்தாரைக் கொண்டே பொருள் தெரிய வேண்டியதாயிற்று. முன்னோர் மொழி மறந்தபோது அவர்கள் விட்டுச்சென்ற உரிமையும் வாயடைத்து நின்றதன்றோ?

1910-இல் மதேரோ என்பார் தியாசுக்கு எதிராகப் புரட்சிக்கு அழைத்தார். பறிக்கப்பட்ட நிலம் திரும்பும் என்றும் உறுதி கூறினார். அதை நம்பியே 1911 மார்ச்சில் மோரெலோசு உழவர் படை திரண்டனர். மே திங்களில் குவாவுத்லா நகரைக் கைப்பற்றினர். சில நாள்களில் தியாசு பதவி துறந்தார். வென்றபின் வந்த கட்டளை யாது? 'முதலில் படைக்கலங்களை ஒப்படையுங்கள். நிலத்தைப் பின்னர்ப் பார்ப்போம்' என்பதே! ஒப்படைக்கத் தொடங்கியவர்கள்மேல் உவெர்த்தாவின் தலைமையில் அரசுப்படை ஏவப்பட்டது.

இனி வாய்ச்சொல் போதாது என்று உணர்ந்தார் சபாட்டா. 1911 நவம்பரில் 'அயாலாத் திட்டம்' எழுந்தது. அதை எழுத உடனிருந்தவர் ஒரு சிற்றூர்ப் பள்ளியாசிரியர். மொந்தாஞோ என்பது அவர் பெயர். பறிக்கப்பட்ட நிலத்தை, ஆவணமுடைய ஊரார் உடனே மீட்டுக்கொள்க; பெரும்பண்ணைகளில் மூன்றிலொரு பங்கை இழப்பீடு தந்து எடுத்து நிலமற்றோர்க்கு வழங்குக; எதிர்ப்போர் நிலம் முழுதும் நாட்டுடைமை ஆகுக. இவையே அதன் சாரம்.

இதற்கு விடையாகத் தீ வந்தது. 1912-இலும், மதேரோ கொல்லப்பட்டபின் 1913-இலும், படைத்தலைவர் ரோப்லெசு ஊர்களைக் கொளுத்தினார். மக்களை வேரோடு பெயர்த்தார். எரிந்த ஊரின் இளைஞர் எங்கே போவர்? மலைக்குச் சென்று சபாட்டாவின் படையிலேயே சேர்ந்தனர்.

1914-இல் மோரெலோசு முழுதும் அவர்கள் கைக்கு வந்தது. திசம்பரில் வில்லாவும் சபாட்டாவும் தலைநகருள் புகுந்தனர். குடியரசுத் தலைவரின் இருக்கையில் வில்லா அமர, சபாட்டா பக்கத்தில் அமர்ந்தார். அவர் நாட்டம் அரியணையன்று, வயல்வரப்பே. 1915-இல் வேளாண் கல்லூரி இளைஞர்கள் மோரெலோசில் நிலம் அளந்தனர். பழைய ஆவணங்களைப் பார்த்தும் ஊர் முதியோரைக் கேட்டும் எல்லை வகுத்தனர். உழவர் மக்காச்சோளமும் அவரையும் விதைத்தனர்.

அவ்வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. 1916-இல் கரன்சாவின் படைத்தலைவர் கொன்சாலேசு பெரும்படையுடன் புகுந்தார். டிலால்டிசபானில் பெண்டிரும் சிறாரும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். குளிர்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வருத்த, ஆண்டு மாறும் வேளையில் அப்படை பின்வாங்கியது.

போற்றுவதோடு நின்றால் வரலாறு ஆகாது. 1917 மே திங்களில், திட்டத்தை எழுதிய அதே ஆசிரியர் மொந்தாஞோவை இரண்டகர் என்று குற்றஞ்சாட்டிச் சபாட்டாவின் படையினரே சுட்டுக் கொன்றனர். தாம் குற்றமற்றவர் என்றே அவர் இறுதிவரை கூறினார். பகைவன் கொளுத்திய தீயினும், தம்முள் மூண்ட ஐயம் ஆழச் சுட்டது. எந்த இயக்கமும் நெஞ்சிற் பதிக்க வேண்டிய பாடம் இது.

1918-இல் சபாட்டா அண்டைப் பகுதிப் போராளிகட்கு விடுத்த அறிக்கைகள் இரண்டு நாவாத்து மொழியில் வெளிவந்தன. ஆள்வோர் மொழி இசுப்பானியம். ஆயினும் உழவன் உள்ளத்தைத் தொட அவன் தாய்மொழியே வேண்டியிருந்தது.

1919 ஏப்பிரல் 10. குவகார்தோ என்னும் அரசுப்படை அலுவலர், கட்சி மாறுவதாக நடித்துச் சினமேக்காப் பண்ணைக்குச் சபாட்டாவை அழைத்தார். கொம்பு மும்முறை ஒலித்தது. வரவேற்பு அணிவகுப்பாக நின்ற காவலரே சுட்டனர். சபாட்டா வீழ்ந்தார்.

தலைவர் வீழ்ந்தார், திட்டம் வீழவில்லை. 1920-இல் எஞ்சிய தோழர்கள் ஒப்ரெகோனுடன் சேர்ந்து கரன்சாவின் ஆட்சியை வீழ்த்தினர். அடுத்து வந்த ஆண்டுகளில் மோரெலோசின் பெரும்பண்ணை நிலங்கள் பெரும்பாலும் ஊர்களைச் சேர்ந்தன.

விலையையும் எண்ணிப் பாருங்கள். 1910-இன் குடிக்கணக்கில் அம்மாநில மக்கள் 1,79,594. 1921-இல் 1,03,440. ஐவரில் இருவர் இல்லை! போரிலும் பசியிலும் நோயிலும் மாண்டார் பலர். ஊரைவிட்டுப் போனார் பலர்.

1992-இல் மெக்சிக்கோ அரசியற் சட்டம் திருத்தப்பட்டு, ஊர்நிலத்தை விற்க வழி திறக்கப்பட்டது. குருதி சிந்திப் பெற்றதும் ஒரு கையெழுத்தில் நழுவக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

படைக்கலம் நிலத்தை மீட்கும். அதைக் காப்பதற்கு எழுத்து வேண்டும். எழுத்தைக் காப்பதற்கு அதைப் படித்துப் பொருள் உணரும் மக்கள் வேண்டும். அச்சிற்றூர்ப் பெட்டியிலிருந்த பழந்தாள்கள் உலகுக்கு உரைப்பது இதுவே.