விசிறி பிடித்த கை

 

'இறைவனை அறியத் துணை செய்வது படிப்பா, பழக்கமா?' இதுதான் தலைப்பு. நான் பழக்கத்தின் பக்கம். புறப்படும்போது எங்க வீட்டம்மா கேட்டாங்க, "நீங்க எந்த அணி?"ன்னு. "பழக்கம்"னேன். "முப்பது வருஷமா புத்தகத்தை விட்டு முகத்தை எடுக்காத மனுஷன், அந்தப் பக்கம் பேச எப்படித் துணிஞ்சீங்க?"ன்னாங்க. (சிரிப்பு) நியாயமான கேள்வி. பக்தி இலக்கியத்தில் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். அதனாலே இன்றைக்கு எதிரணியை மட்டும் எதிர்த்துப் பேச வரலே. பாதி என்னையே எதிர்த்துப் பேசப் போறேன்.

எதிரணித் தலைவர் அருமையாகக் கேட்டார்: "தெரியாதவனை எப்படி ஐயா நேசிப்பது?" சரி. ஆனா 'தெரியும்' என்கிற சொல்லைத் தமிழன் ரெண்டு விதமாச் சொல்றான். "கலெக்டரைத் தெரியுமா?"ன்னு கேட்டா, "தெரியுமே! பேர் இன்னது, ஊர் இன்னது, படிச்சது இன்னது"ன்னு ஒப்பிக்கிறவன் ஒருத்தன். "தெரியும், வாங்க, கூட்டிட்டுப் போறேன்"னு செருப்பை மாட்டறவன் இன்னொருத்தன். நமக்கு ஒரு காரியம் ஆகணும்னா யார் பின்னாலே போவோம்? (கைதட்டல்)

இன்று காலை பிள்ளையார்பாளையத்துல ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ரெண்டையும் கோத்து வாங்குகிற கோர்வைச் சேலை தறியிலே ஓடுது. கூட வந்த நண்பருக்கு நான் விளக்கிக்கிட்டிருந்தேன், பாவு என்ன, ஊடை என்னன்னு. எல்லாம் படிச்சது. நெசவாளர் சிரிச்ச முகமாக் கேட்டுக்கிட்டே நெய்யறார். திடீர்னு நாடா நின்னுது. பாவுல ஓர் இழை அறுந்துபோச்சு. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியலே. அவர் தேடவே இல்லை. விரலை வெச்சார், இழை கிடைச்சுது, முடிச்சுப் போட்டார். "எப்படிங்க?"ன்னேன். "கைக்குத் தெரியுங்க"ன்னார்.

இதே ஊருக்குப் பக்கத்திலே, திருப்புட்குழியிலே, ஒரு பெரிய பாடசாலை. யாதவப் பிரகாசர் அதன் ஆசிரியர். வேதாந்தத்தில் கரை கண்டவர். 1017-ல் அவதரித்ததாகச் சொல்லப்படுகிற ராமானுஜர் அவரிடம் மாணவர். குருபரம்பரை நூல்கள் சொல்கிற காட்சி இது. மாணவர் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். பாடம், சாந்தோக்கிய உபநிடதம். இறைவனின் கண்களுக்கு உவமையாக 'கப்யாசம்' என்று ஒரு சொல் வருகிறது. கபி என்றால் குரங்கு. ஆசம் என்றால் உட்காருகிற இடம். குரங்கின் பின்புறத்தைப்போலச் சிவந்த கண்கள் என்று பொருள் சொல்லிவிட்டார் ஆசிரியர். அகராதியைப் புரட்டினா அவர் சொன்னதுக்கும் இடம் இருக்கு! ஆனால் அவர் தொடையிலே ஏதோ சுட்டது. எண்ணெய் சுடுகிறதா என்று பார்த்தால், மாணவனின் கண்ணீர்.

ஏன் ஐயா அழணும்? ஒரு பொருளைப் பற்றி ஒருத்தர் தப்பாச் சொன்னா நாம திருத்துவோம். நம்ம அம்மாவைப் பற்றிச் சொன்னா? தொண்டை அடைச்சுப் போகும். ராமானுஜர் அப்புறம்தான் பதில் சொன்னார். தண்ணீரைக் குடிக்கிறவன் கபி, அதாவது சூரியன். அவனாலே மலர்ந்த தாமரை போன்ற கண்கள் என்று. அவருக்கும் இலக்கணம் தெரியும், எதிரணியினர் இதைக் குறிச்சுக்கலாம். ஆனா கண்ணீர் முதல்லே வந்தது. இலக்கணம் பின்னாலே வந்தது. (கைதட்டல்)

அந்த ராமானுஜருக்கே மனசிலே சில சந்தேகங்கள். யார்கிட்டே போனார்? திருக்கச்சி நம்பிகளிடம். பூவிருந்தவல்லியிலே வணிகர் குலத்தில் பிறந்தவர். வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவர் தொண்டு. காஞ்சிபுரத்து வெயில் உங்களுக்குத் தெரியும், சாமிக்கு வேர்க்காதா? விசிறி வீசுவார், பெருமாள் பேசுவார். அவ்வளவுதான் அவர்கள் உறவு. என்னைச் சீடனாக ஏற்கணும்னு ராமானுஜர் கேட்டார். தம் பிறப்பைச் சொல்லி நம்பி மறுத்தார். அந்தக் காலத்துக் கட்டு அது. அதை நியாயப்படுத்த நான் இங்கே வரலே. சந்தேகத்தையாவது பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கன்னார் ராமானுஜர். என்ன சந்தேகம்னு சொல்லவே இல்லை! நம்பி போய் நின்றார். ஆறு வார்த்தைகளோடு திரும்பினார். ஒவ்வொன்றும் ராமானுஜர் மனசுக்குள்ளே வைத்திருந்த கேள்விக்குப் பதில்.

இங்கேதான் எதிரணி நண்பர் என்னை மடக்கினார். "அந்த நம்பி மோட்சம் கேட்டபோது பெருமாள் கொடுக்கலியே! நீ வீசினதுக்கு நாம் பேசியாச்சு, கணக்குச் சரியாப் போச்சு, மோட்சத்துக்கு ஆசாரியரைப் பாருன்னு அனுப்பிட்டாரே, உங்க பழக்கம் என்ன ஆச்சு?"ன்னார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. ராத்திரியெல்லாம் இதைத்தான் யோசிச்சு வெச்சிருப்பார். (சிரிப்பு) ஐயா, நம்ம விண்ணப்பத்தை அலுவலகம் தள்ளினா 'நிராகரிக்கப்படுகிறது'ன்னு ஒரு முத்திரை விழும். "உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்துபோச்சு, போடா"ன்னு சொல்றது யாரு? கூடப்பிறந்தவன் சொல்வான். கட்டின பெண்டாட்டி சொல்லுவா. ஆசாரியரைப் பார் என்றதும் நம்பி சுவடியைத் தூக்கிக்கிட்டா போனார்? வேஷம் மாற்றிக்கொண்டு ஒரு பெரியவர் வீட்டிலே மாடு மேய்க்கப் போனார்னு சொல்லுவாங்க. அங்கேயும் கைவேலைதான்!

நடுவர் முதல் மணி அடிச்சுட்டார். என் கதையைச் சொல்லி முடிச்சுக்கறேன்.

எங்க அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. வீட்டுச் சுவரிலே வரதர் படம் ஒண்ணு. சித்திரை, வைகாசி வந்தா, பனையோலை விசிறியை எடுத்துத் தனக்கு நாலு வீசல், படத்துக்கு நாலு வீசல். நான் பி.ஏ. படிக்கிற காலம். "ஏம்மா, படத்துக்கு வேர்க்குமா?"ன்னு கேட்டேன். "எனக்கு வேர்க்குதேடா"ன்னாங்க. அப்போ சிரிச்சேன்.

அப்புறம் பல வருஷம் கழிச்சு அம்மா ஆஸ்பத்திரியிலே. கடைசி நாட்கள். நான் அப்போ டாக்டர் பட்டம் வாங்கின பேராசிரியர். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ அவரைப் பத்தி நிறையப் படிச்சிருக்கியே, எனக்காக அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுடா"ன்னாங்க. நூற்றெட்டு திவ்ய தேசத்தையும் வரிசையாச் சொல்லுவேன். எந்த ஆழ்வார் எந்தத் தலத்தைப் பாடினார், சொல்லுவேன். ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்ல வாயைத் திறந்தா, எனக்குப் பேச்சு வரலே. முன்னே பின்னே பேசியிருந்தால்தானே வரும்? "சரிம்மா"ன்னேன். அன்னிக்கு ராத்திரி அம்மா போயிட்டாங்க.

2019-லே அத்திவரதர் குளத்தை விட்டு எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அதற்கு முன்னாலே வந்தது 1979-லே. அன்னிக்கு அம்மா என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து காட்டினாங்க. இந்தத் தடவை நான் தனியா வந்தேன், அம்மாவோட விசிறியை எடுத்துக்கிட்டு. பல மணி நேரம் வரிசை. என்ன கூட்டம், என்ன புழுக்கம்! பக்கத்திலே நின்னவங்களுக்கெல்லாம் அத்தி மரம், அனந்தசரஸ் குளம்னு வரலாறு சொல்லிக்கிட்டே வந்தேன். தொழில் புத்தி விடுமா? சந்நிதி வந்தது. விசிறியைத் தூக்கி ரெண்டு வீசல் வீசினேன். "அம்மா கேக்கச் சொன்னாங்க"ன்னு ஆரம்பிச்சேன். என்னன்னு சொல்றதுக்குள்ளே "நகருங்க, நகருங்க"ன்னு தள்ளிட்டாங்க.

இரண்டாவது மணியும் அடிச்சாச்சு.  (கைதட்டல்)